கடல்குதிரைக்குப் பொருத்தம் பார்த்தவன்

அழகுமீன் கடைக்காரனுடைய தொழிலில் ஒரே ஒரு விதிதான் உண்டு: மீன் பிழைத்தால் வாங்கினவருடைய ராசி, செத்தால் விற்றவனுடைய கை சரியில்லை.

இந்த விதியை ஏற்றுக்கொண்டு திருப்பதியில் பல வருஷமாகக் காலம் தள்ளுகிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. சொந்த ஊர் நகரிப் பக்கம். நைனா கரும்பும் வேர்க்கடலையும் போட்டவர். நான் மீன் கடை வைக்கப்போகிறேன் என்றதும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டார். திறப்பு விழாவுக்கு வந்து கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது. "மீன் வித்தா கிலோ கணக்குல விக்கணும்டா முனிரத்தினம். ஜோடிக் கணக்குல விக்கறதுக்கு இது இன்னா உழவு மாடா?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

கடை என்று ஒன்றை வைத்து, வருகிறவர் போகிறவர் வாயில் எல்லாம் விழுந்து எழுந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். என் மனைவி கௌரி ஏற்கெனவே நிறைய சிரித்துவிட்டாள்.

அண்ணன் தம்பி மாதிரி

கடை தொடங்கிய புதிதில் ஒரு லாட்ஜ் முதலாளி வந்தார். வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்தால் ரூம் எதுவும் காலியாகக் கிடக்காது என்று யாரோ வாஸ்துக்காரர் சொல்லியிருக்கிறார். திருப்பதியில் லாட்ஜ் நிரம்புவதற்கு மலைமேல் இருக்கிறவர் போதும், மீன் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வியாபாரம் வாசலில் வந்து நிற்கும்போது தோன்றுவதை எல்லாம் சொல்லக் கூடாது. பெரிய அரோவானா ஒன்றையும், தொட்டி நிறைந்து தெரிவதற்காக விரல் நீளம்கூட இல்லாத நியான் மீன்கள் ஒரு கூட்டத்தையும் கொண்டுபோய் விட்டேன். "எல்லாம் ஒண்ணா இருக்குமா?" என்று கேட்டார். "அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்" என்றேன்.

அடுத்த வாரம் தண்ணீர் மாற்றப் போனபோது தொட்டியில் அண்ணன் மட்டும்தான் இருந்தார், வயிறு முட்ட. தம்பிகளில் ஒருவரையும் காணவில்லை. நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். முதலாளி என் தோளைத் தட்டினார். "சின்னதெல்லாம் போனா போவுது வுடுங்க. பெருசு எப்படி வளந்துக்கிது பாருங்க, அதுக்குத்தான் வாஸ்துன்னு பேரு."

மலையேறிய இறால்

லாட்ஜ் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். எந்த மீன் எதோடு சேரும், எது எதைக் கடிக்கும், எது என்ன தின்னும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் திருமலையிலேயே குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தங்கமீன் தொட்டி வைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். தொட்டி, மோட்டார், கல், செடி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். கூடவே பழக்கதோஷத்தில் உறைய வைத்த இறால் பொட்டலம் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

மலைமேல் மாமிசம் கொண்டுபோகக் கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த காவலர் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். பின்னால் கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்த ஒரு பஸ் கூட்டமே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. "ரொய்யலா?" என்றார் காவலர். இறாலைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். "எனக்கில்ல சார், மீனுக்கு" என்று கும்பிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. பொட்டலத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, வந்த வழியைக் காட்டினார். "கீழ இருக்கறவரைக்கும் அது என்ன வேணா துன்னட்டும் சாமி. மேல வந்துட்டா மீனும் சைவம்தான்."

ஒரு சொம்பு சமுத்திரம்

கடல்குதிரை ஆசை எனக்கு எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றில் பார்த்தேன். கழுத்தை நிமிர்த்தி, வாலால் ஒரு கடற்புல்லைப் பிடித்துக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல் அது நின்றுகொண்டிருந்தது. நாள் முழுக்க வட்டமடிக்கிற மீன்களையும் வட்டிக்கு ஓடுகிற மனிதர்களையும் பார்த்துச் சலித்த எனக்கு, சும்மா நிற்பதையே இவ்வளவு மரியாதையாகச் செய்கிற ஒரு ஜீவனைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் வீட்டில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஹாலில் இருந்த ஷோகேஸை எடுத்துவிட்டு அங்கே தொட்டியை வைத்தேன். கௌரியின் கல்யாண போட்டோ உள்பட எல்லாம் பரணுக்குப் போயிற்று.

அடுத்தது கடல்நீர். கடற்கரையிலிருந்து கருவாடு ஏற்றி வரும் மினி லாரிக்காரரைப் பிடித்து, கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவரச் செய்தேன். வாசலில் கேன்கள் இறங்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு சாவித்திரம்மா ஓடி வந்தார். எங்கள் ஊரில் கேனில் தண்ணீர் வந்தால் அது ஏதாவது ஒரு கோயில் தீர்த்தமாகத்தான் இருக்கும். "எந்த க்ஷேத்திரம் நாயனா?" என்று கையைக் குழித்து நீட்டினார். என் இரண்டு கையும் கேனைப் பிடித்திருந்தன. "இது சமுத்திரம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மூடி வழியாகச் சிந்தினதைப் பிடித்து வாயில் விட்டு மீதியைத் தலையில் தடவிக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். கையில் சொம்பு. "உப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா முட்டி வலி நேத்துலேர்ந்து லேது. இன்னும் ஒரு சொம்பு குடு."

பத்துப் பொருத்தம்

கடல்குதிரைக்குக் கூட்டாளி தேடுவது லேசில்லை. அது மெதுவாக நீந்தும், மெதுவாகத் தின்னும். வேகமான மீனோடு விட்டால் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவன் கதிதான். கடிக்கிற மீன் ஆகாது. நண்டு ஆகாது, வாலைக் கவ்விவிடும். கொட்டுகிற பவளம் ஆகாது. தண்ணீர் வேகமாகச் சுழன்றால் ஆகாது. பிடித்துக்கொண்டு நிற்க வாகான கொம்பு வேண்டும். நான் மாதக்கணக்கில் விசாரித்தேன். கடைசியில் பொட்டுப் பூச்சிக்கும் தீங்கு நினைக்காதவை என்று பெயர் பெற்ற கார்டினல் மீன்கள் சில, மணலோடு மணலாகக் கிடக்கும் கோபி மீன்கள் சில, நத்தைகள் என்று பொறுக்கி எடுத்தேன். தண்ணீர் பதமாவதற்கு முதலில் இவற்றைத்தான் விட வேண்டும். குதிரை பிறகு.

ஒவ்வொரு கார்டினலுக்கும் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அது பக்கத்து மீனை முறைக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கௌரி கீரையை ஆய்ந்தபடி அதைக் கவனித்திருக்கிறாள். "இன்னாங்க, என்னைப் பொண்ணு பாக்க சித்தூர் வந்தப்ப நீங்க பஜ்ஜியைத் தவிர வேற எதையுமே பாக்கலியே."

புலிக்குச் சமம்

தொட்டி பதமாகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்புதான் பாக்கி. எனக்கு மீன் அனுப்புகிற சென்னை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, கடல்குதிரை ஜோடி ஒன்று வேண்டும் என்றேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கடைப் பையன்களை எல்லாம் கூப்பிட்டு, "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிரித்தார்கள்.

இத்தனை வருஷம் தொழிலில் இருக்கிறவன், தண்ணீரின் உப்பு, சூடு, சுழற்சி எல்லாம் படித்தவன், சட்டத்தை மட்டும் படிக்கவில்லை. கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யானையும் புலியும் இருக்கிற பட்டியலில்தான் அதுவும் இருக்கிறது. சிரிப்பு அடங்கின பிறகு வியாபாரி அன்பாகச் சொன்னார். "வேணும்னா புலியா வாங்கிக்குங்கண்ணே. ரெண்டுக்கும் ஒரே ஜெயிலுதான், பாக்கறவனுக்காவது கெத்தா இருக்கும்."

சித்தூர் மாமனார்

அதற்குப் பிறகு எங்கள் ஹால், மாப்பிள்ளை வராத கல்யாண மண்டபம் மாதிரி ஆயிற்று. உறவுக்காரர்கள் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். திருப்பதி வெயிலுக்குத் தண்ணீர் சூடாகிவிடும் என்று பிரிட்ஜில் ஐஸ் பாட்டில் வைத்து வைத்து மாற்றினேன். புரட்டாசி மாசம் வெங்காயத்தைக்கூட யோசித்துப் போடுகிற கௌரி, பிரீசரில் இறால் இருப்பதைப் பொறுத்துக்கொண்டாள். ஏன் இன்னும் தொட்டியைக் கலைக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. எனக்கு ஆசை விடவில்லை, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து வந்த மாமனார் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடல்குதிரைத் தொட்டி என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். ஒரு பக்கமாகப் பார்த்தார், மறுபக்கம் போய்ப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குதிரை எங்க மாப்ளே?" என்றார். சட்டத்தைச் சொன்னேன். நான் போட்டுக் கொடுத்த மசாலா டீயை வாங்கிக்கொண்டார். "குதிரை வராதுன்னு தெரிஞ்சும் லாயத்துக்கு டெய்லி தண்ணி காட்டிக்கினு கீறீங்க. என் பொண்ணை நல்லாத்தான் பாத்துக்குவீங்க."

ரகசிய ஜோடி

ஒருநாள் மத்தியானம் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் கடைக்கு வந்தான். கொஞ்ச நேரம் வேலைக்கே ஆகாத வலைகளை எடுத்து எடுத்துப் பார்த்தான். கடையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் கவுன்டரில் குனிந்து, "குதிரை கீது. ஜோடி. நாளைக்கே கொண்டாறேன்" என்றான். இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெயில் ஞாபகம் வந்தது. அதைவிட, டப்பாவில் அடைபட்டு வருகிற இரண்டு குதிரைகளில் ஒன்றாவது வழியில் சாகும் என்பதும் ஞாபகம் வந்தது.

"வேணாம்பா, போ" என்று விரட்டினேன். விரட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டேன், ஆணும் பெண்ணுமா என்று. அவன் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். "வேணான்றவன் அதெல்லாம் கேக்கமாட்டான் சார். மனசு மாறினா சொல்லு."

டிபன் கேரியர்

மாங்காய் மண்டி வைத்திருக்கும் சித்தூர்க்காரர் ஒருவர் என் பழைய வாடிக்கை. அவர் வீட்டில் தங்கமீன் தொட்டி இருக்கிறது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற வழியில் கடைக்கு வந்தார். கையில் டிபன் கேரியரின் பெரிய அடுக்கு மட்டும் இருந்தது. தயிர்சாதம் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தார். கலங்கின கடல்நீரில், சுருண்ட வாலோடு, பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கடல்குதிரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வலையில மாட்டினதை மணல்ல வீசிட்டுப் போய்ட்டாங்க. பாவமா இருந்துச்சி, எடுத்தாந்துட்டேன். எங்க தங்கமீனோட ஒத்துப்போவுமா?" என்றார். நல்ல தண்ணீரில் விட்டால் அந்த நிமிஷமே அதன் கதை முடிந்துவிடும் என்றேன். வீட்டில் வைத்தால் உங்கள் கதையும் முடிந்துவிடும் என்று சட்டத்தையும் சொன்னேன். சொல்லும்போதே என் கை கேரியர் பக்கம் நீண்டதை அவர் பார்த்திருப்பார். நல்ல மனுஷன், கேரியர் அடுக்கை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. "வாஸ்துக்கு ஏழு குதிரைப் படம் மாட்டச் சொன்னாங்க. உசுரோட ஒண்ணு இருந்தா ஏழுக்குச் சமம்னு நெனச்சேன்."

ஒரு ராத்திரி பர்மிஷன்

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். சன்னக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கேரியரில் விட்டு, குதிரைக்குப் பழக்கினேன். அது பிழைக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கௌரி ஒரு பக்கம் வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டாள். நான் போடுவேனா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான்.

சாயங்காலம் செக்ஷன் ஆபீசர் அம்மா ஜீப்பில் வந்தார். தெலுங்குக்காரர், பாதித் தமிழ் பேசுவார். குதிரை அப்போது தொட்டியில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்காக நான் வாங்கி நட்டிருந்த கொம்பு, கடற்புல், செயற்கைப் பவளம் ஒன்றையும் அது சீந்தவில்லை. தெர்மாமீட்டர் ஒயரை வாலால் சுற்றிக்கொண்டிருந்தது. "மொகதா, ஆடதா?" என்று ஆபீசர் கேட்டார், ஆணா பெண்ணா என்று. "பெண்தான் மேடம். வயிறு உப்பியிருக்கு பாருங்க" என்றேன். எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்வதில் எப்போதும் ஒரு சந்தோஷம். ஆபீசர் தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எதற்காக இப்படி ஒரு தொட்டி தயாராக இருந்தது என்று கேட்டுவிடுவாரோ என்று வியர்த்தது. கேட்டார். உண்மையைச் சொன்னேன். கௌரி சாட்சி சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார். "மா ஆபீஸ்ல பாம்புக்கு டப்பா உந்தி, கொரங்குக்குக் கூண்டு இருக்கு, குதிரைக்கு ஏமி லேது. காலைல வந்து கடல்ல விட எடுத்துப் போறோம். ஒரு ராத்திரிதான் முனிரத்தினம்காரு, ஆசை வெச்சுக்காதீங்க."

பிரசவம்

விடிந்ததும் வாசல் தெளிக்க எழுந்த கௌரி ஹால் லைட்டைப் போட்டாள். "இன்னாங்க, தொட்டி மேல கொசுப்புழு மெதக்குது" என்று கத்தினாள். உப்புத் தண்ணீரில் கொசுப்புழு எப்படி வரும் என்று சலித்துக்கொண்டே எழுந்துபோனேன். நகத்துண்டு நீளத்தில், ஒவ்வொன்றும் தலை நிமிர்ந்து, வால் சுருண்டு, முழுக் குதிரையாக இருந்தது. ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக மிதந்தன. நான் பெண் என்று சொன்னது, தெர்மாமீட்டர் ஒயரில் தொங்கியபடியே வயிற்றை மடக்கி ஒரு உதறு உதறியது. இன்னும் ஒரு கூட்டம் புகை மாதிரி வெளியே வந்தது. கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றுப்பையில் சுமந்து குட்டி போடும். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இந்த அதிசயத்தை வருஷக்கணக்கில் வகுப்பெடுத்தவன் நான்தான்.

ஆனந்தப்பட நேரமில்லை. கார்டினல்கள் வந்துவிட்டன. பொட்டுப் பூச்சிக்கும் தீங்கு நினைக்காதவை என்று நான் முட்டி போட்டுப் பார்த்துப் பார்த்து எடுத்த அதே மீன்கள், வரிசையாக மேலே வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தன. மணலை விட்டு நகராத கோபிகள்கூட, கீழே இறங்கினதை விடவில்லை. பிறந்து சூரியனைக்கூடப் பார்க்காததுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலையை எடுத்துக்கொண்டு கார்டினல்களை விரட்டினேன். நான் கலக்கிய கலக்கில் குட்டிகள்தான் அவற்றின் வாய்ப்பக்கம் தள்ளப்பட்டன.

கௌரி என் கையிலிருந்து வலையைப் பிடுங்கிப் போட்டாள். மோட்டாரை நிறுத்தினாள். பொங்கலுக்கு மட்டும் இறங்குகிற பித்தளை அண்டாவைத் தூக்கப் போனவளைத் தடுத்தேன், பித்தளை கடல் ஜீவனுக்கு விஷம். அந்தக் காலையில் நான் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். எவர்சில்வர் அண்டாவை எடுத்துத் தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். தோசைக் கரண்டியாலும் சொம்பாலும் இருவரும் குட்டிகளை மொண்டு மொண்டு அண்டாவில் விட்டோம். இருந்ததில் பாதியாவது மிஞ்சியிருக்கும். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "பெரியவனுக்கு மட்டும் பொருத்தம் பாத்தீங்க. பொறக்கப்போறதுக்குப் பாக்கலியே."

அண்டாவோடு

ஜீப்பில் வந்த ஆபீசர் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஒரு கடல்குதிரை, பெண், என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டாராம். "நேத்து ஒண்ணுன்னீங்க, ஆடதுன்னீங்க. ஒரு ராத்திரில ரெண்டும் தப்பா?" என்றார். தகப்பனை மூடி போட்ட வாளியில் ஏற்றினோம். கௌரியும் ஏறிக்கொண்டாள். அண்டா அவள் அம்மா வீட்டுச் சீராம், தனியாக அனுப்ப மாட்டாளாம்.

திருப்பதியிலிருந்து கடற்கரை அப்படியொன்றும் பக்கமில்லை. அண்டாவை நானும் கௌரியும் மடியில் தாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு அலை எழுந்து எங்கள் மேல் விழுந்தது. சிந்துகிற தண்ணீரில் குட்டி இருக்குமோ என்று நான் சேலையையும் வேட்டியையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆபீசர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். இனி யாராவது இப்படி ஏதாவது கொண்டுவந்தால் ஆபீசில் வைக்க வசதியில்லை, உங்கள் தொட்டியைக் கலைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் விரலை நீட்டினார். "ஆனா உள்ள ஒக்க மீன்கூட இருக்கக் கூடாது. உங்க சாதுக்கள் எவ்வளவு சாதுன்னு அண்டாவைப் பாத்தாலே தெரியுது."

விரல்

அலை அடங்கின முகத்துவாரத்தில், கடற்புல் முளைத்த இடமாகப் பார்த்து, ஆபீசர் பேசி வைத்திருந்த படகுக்காரர் எங்களை இறக்கினார். இடுப்பளவு தண்ணீர். கௌரி அண்டாவை மெதுவாகச் சாய்த்தாள். குட்டிகள் தண்ணீரோடு தண்ணீராகப் போயின. எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். "கொஞ்சம்தான்" என்று ஆபீசர் பொய் சொல்லாமல் சொன்னார். தொட்டியில் ஒன்றுகூடப் பிழைத்திருக்காது, அது எனக்கே தெரியும்.

பிறகு தகப்பன். வாளியில் கை விட்டதும் என் ஆள்காட்டி விரலை வாலால் சுற்றிக்கொண்டது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பிடி இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கையைக் கடலுக்குள் இறக்கினேன். அது போகவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, வீடியோவில் நின்ற மாதிரியே நின்றது. படகுக்காரர் இருமினார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "பாத்தியா கௌரி, அதுக்குப் போக மனசில்ல. என்னை விடமாட்டேங்குது" என்றேன். கௌரி தண்ணீருக்குள் குனிந்து என் கையைப் பார்த்தாள். "விரலை நீட்டுங்க. கொக்கி மாதிரி மடக்கி வெச்சிக்கினு, அது வுடலன்றீங்களே."

நீட்டினேன், அது கடற்புல்லுக்குள் போய்விட்டது. ஊரார் மீனுக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுத்த என் வீட்டுத் தொட்டியில் இன்றைக்கு ஒரு மீன்கூட இல்லை என்பதும், கடல்குதிரைக்கு நான் கண்டுபிடித்த ஒரே நல்ல கூட்டாளி வெறும் உப்புத் தண்ணீர்தான் என்பதும் வாடிக்கையாளர் யாருக்கும் தெரிய வேண்டாம்.